காசு ஒன்று, கணக்கில் பதினேழு

சென்ற மாத இதழ் இல்லங்களைச் சென்றடைந்த ஒரு வாரத்திற்கெல்லாம், மும்பைச் செம்பூரிலிருந்து அன்னையார் ஒருவரின் கடிதம் நம் மேசைக்கு வந்தது. நீண்ட கடிதமன்று, ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பில் படிக்கிறான். பள்ளி விட்டு வந்து மடிக்கணினியின் முன் அமர்ந்தானாயின், உணவுக்கு மூன்று முறை அழைத்த பின்னரே எழுகிறான். கேட்டால், "நான் விளையாடவில்லை, அம்மா, விளையாட்டை எழுதுகிறேன்" என்கிறானாம். "விளையாட்டை ஆடுவார்கள், எழுதுவார்களா? அவன் அப்பா ஆண்டுத் தேர்வு முடியும்வரை அந்தப் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். பையன் சொல்வது மெய்யா, சாக்கா? தங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்" என்று அந்த அம்மையார் முடித்திருந்தார்.

இப்பகுதிக்கு வரும் கடிதங்களுள் பாதிக்கு மேற்பட்டவை பிள்ளைகளின் படிப்பைப் பற்றியனவே. அதில் வியப்பில்லை. ஊரில் இருந்த காலத்தில் நம்மவர்க்கு ஒரு காணி நிலமோ, ஒரு கடையோ, உறவினரின் துணையோ இருந்தது. பிழைப்பை நாடி வந்த இடத்தில் பிள்ளையின் படிப்பு ஒன்றே காணி. அதில் ஆடு மேய்வதைக் கண்டால் எந்தத் தந்தையும் கம்பெடுக்கத்தான் செய்வார். ஆயினும் மேய்வது ஆடுதானா என்பதைக் கிட்டச் சென்று பார்த்துவிட்டுக் கம்பெடுப்பது நலமல்லவா? ஆகவே விடையைத் தபாலில் அனுப்பாமல், ஒரு ஞாயிறு மாலை நேரிலேயே சென்றோம்.

இரண்டாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வீடு. அன்னையார் காப்பி கொண்டுவந்து வைத்தார். தந்தையார் நம்மை முகமலர்ச்சியோடு வரவேற்றாரெனினும், பேச்சு மகனைப் பற்றித் திரும்பியதும் முகம் இறுகிற்று. "ஐயா, நான் படித்தது பத்தாம் வகுப்பு வரை. என் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையே இன்னொருவர் விரல் வைத்துக் காட்ட, நான் பல வருஷம் வேலை பார்த்தவன். இவனுக்கு அந்த நிலை வரக் கூடாது. கணினி வேண்டுமென்றான், கடன் வாங்கி வாங்கிக் கொடுத்தேன். அதில் இவன் பொம்மையை ஓடவிட்டுக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும்?" என்றார். அதற்கு நம்மிடம் உடனடியாக விடையில்லை. மூலையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த அவருடைய தந்தையார், எண்பதை நெருங்கும் பெரியவர், ஒன்றும் பேசாமல் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன் தன் விளையாட்டைக் காட்டினான். ராப்லாக்ஸ் என்னும் விளையாட்டுத் தளத்தைப் பிள்ளைகளுள்ள இல்லத்தார் அறிவர். 2006-ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆங்குள்ள விளையாட்டுகள் பெரும்பாலும் அதை ஆடுவோராலேயே அமைக்கப்படுபவை. அமைப்பதற்கென்று ராப்லாக்ஸ் ஸ்டூடியோ என்னும் கருவி ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. அதில் அவன், தாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படியையே கட்டியிருந்தான். படிக்குப் படி ஒரு பொற்காசு மிதந்துகொண்டிருந்தது. ஓர் உருவம் ஏறிச் சென்று காசைத் தொட வேண்டும். தொட்டால் கணக்கில் ஒன்று கூடும். அவ்வளவே விளையாட்டு. ஓடுபவனையும் படியையும் விட்டுவிட்டு, அவன் காட்ட விரும்பியது திரையின் வலப்புறம் திறந்திருந்த ஒரு வெள்ளைத் தாளை. அதில் பதினைந்து, இருபது வரிகள் இருந்தன. அதனைத்தான் ஸ்கிரிப்ட் என்றான்.

அச்சொல் நமக்கு நன்கு பழக்கமானதே. பொங்கல் விழாவுக்குச் சங்கத்தில் நாடகம் போடுகிறோம். மேடை, திரை, விளக்கு, ஒலிபெருக்கி ஆகியவற்றை அமைப்பவர் வேறு. நடிகர் வந்து நின்று என்ன பேச வேண்டும், எப்போது வலப்புறம் திரும்ப வேண்டும் என்று எழுதித் தருபவர் வேறு. வசனம் எழுதுபவருக்கு மின்கம்பி இழுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீடியோ விளையாட்டிலும் இதே பிரிவினை உண்டு. உருவங்களைத் திரையில் வரைவது, ஒளி நிழல் காட்டுவது, விழும் பொருளை விழச் செய்வது ஆகிய கடும் பணிகளை ஒரு பெரிய இயந்திரம் செய்கிறது. அதனைத் தேர்ந்த பொறியாளர் கடினமான மொழியில் எழுதிவைத்துவிடுகின்றனர். "கதவைத் தொட்டால் திற, பூதம் வந்தால் ஓடு, காசை எடுத்தால் எண்ணு" என்னும் நடத்தைகளை மட்டும் எளியதொரு மொழியில் தனியே எழுதுவர். இந்த எளிய பிரதியே ஸ்கிரிப்ட். ஒரு வரியை மாற்றினால் மேடை முழுவதையும் பிரித்துக் கட்ட வேண்டுவதில்லை; மாற்றியதும் ஓட்டிப் பார்க்கலாம்.

அந்தப் பையனின் வெள்ளைத் தாளில் இருந்த மொழியின் வரலாறும் சுவையானது. லுவா என்னும் மொழியின் கிளை அது. லுவா 1993-இல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோ நகரின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ரொபெர்ட்டோ யெருசலிம்ஷி, லூயிஸ் என்ரிக் டி பிகுவேரெடோ, வால்டெமர் செலெஸ் ஆகிய மூவர் அதனை ஆக்கினர். வெளிநாட்டுக் கணினிப் பொருள்களைத் தருவிப்பதற்கு அந்நாட்டில் 1992 வரை கடும் கட்டுப்பாடுகள் இருந்தமையால், வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் வழக்கம் அவர்களிடையே வளர்ந்திருந்தது. பெட்ரோபிராஸ் என்னும் எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர் பொருட்டு முதலில் இரண்டு சிறு மொழிகளைச் செய்தனர். அவற்றுள் ஒன்றன் பெயர் சோல். போர்த்துகீசிய மொழியில் ஞாயிறு என்று பொருள். அதன் வழிவந்த புது மொழிக்குத் திங்கள் எனப் பொருள்படும் லுவா என்று பெயரிட்டனர். நிரல் எழுதுதலைத் தொழிலாகக் கொள்ளாத எண்ணெய்ப் பொறியாளரும் கையாள வேண்டுமென்றே அது அவ்வளவு எளிமையாக அமைந்தது. 1998-இல் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தார் கிரிம் பண்டாங்கோ என்னும் விளையாட்டை வெளியிட்டபோது அதன் நடத்தைகளை லுவாவில் எழுதியிருந்தனர். அதன்பின் விளையாட்டு உலகில் அது பெருவழக்காயிற்று. எண்ணெய்க் கிணற்றுக்காக வெட்டிய வாய்க்காலில் இன்று செம்பூர்ச் சிறுவன் காகிதக் கப்பல் விடுகிறான்!

ஆகவே முதற்கண் அன்னையாருக்கு ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: விளையாட்டை எழுதுவது என்பது உண்மையில் உண்டு. ஆனால் அவர் கேட்டது அது மட்டுமன்று. அதனால் பையன் எதையேனும் கற்கிறானா என்பதும்தான். அதற்கு விடை அவ்வீட்டிலேயே, நம் கண்ணெதிரே கிடைத்தது.

"படித்துக் காட்டு, தம்பி" என்றோம். அவன் ஆங்கிலச் சொற்களை விறுவிறுவென்று ஒப்பித்தான். "அப்படியன்று, தாத்தாவுக்கு விளங்கும்படி சொல்" என்றோம். சற்றுத் திகைத்தான். அவனுக்குப் பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மராத்தியும் இந்தியும், வீட்டில் தமிழ். இந்த வரிகளைத் தமிழில் சொல்ல அவனிடம் அதுவரை எவரும் கேட்டதில்லை போலும். பிறகு மெல்லச் சொன்னான்: "காசை ஏதாவது தொட்டால், தொட்டது எது என்று பார். அது ஓர் ஆளுடைய உறுப்பா என்று பார். ஆமென்றால், அந்த ஆளின் கணக்கில் ஒன்றைக் கூட்டு. காசை இரண்டு வினாடி சுழலவிட்டு, அப்புறம் மறையச் செய்."

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

கணினி நிரலின் முதற்பாடங்கள் மூன்றும் இந்த நான்கு வாக்கியங்களில் அடங்கியிருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். "தொட்டால்" என்பது நிகழ்வு. அது நிகழும்வரை நிரல் காத்திருக்கிறது. "ஆமென்றால்" என்பது நிபந்தனை. "கணக்கு" என்பது மாறும் மதிப்பு ஒன்றைப் பெயரிட்டு வைத்திருக்கும் இடம். அதனை மாறி என்பர். பாடநூலில் இவை மூன்றும் தனித்தனி அத்தியாயங்கள். ஒவ்வொன்றின் இறுதியிலும் வட்டியைக் கணக்கிடு, மூன்று எண்களுள் பெரியதைக் கண்டுபிடி என்னும் பயிற்சிகள் இருக்கும். நாமும் அப்படித்தான் கற்றோம். மூன்று எண்களுள் பெரியது எதுவென்பது நமக்கு முன்னரே தெரிந்திருந்தமையால், அதைக் கணினி கண்டுபிடித்தபோது பெருமகிழ்ச்சி ஒன்றும் விளைந்ததாக நினைவில்லை.

இனிக் கதைக்கு வருவோம். பையன் விளையாட்டை ஓட்டினான். உருவம் முதற்படி ஏறிற்று, காசைத் தொட்டது, காசு மின்னிச் சுழன்று மறைந்தது. கணக்கில் ஒன்று ஏற வேண்டிய இடத்தில் பதினேழு ஏறியிருந்தது!

பையனின் முகம் சுண்டிவிட்டது. நாலு நாளாக இந்தத் தொல்லையாம். முதலில் வேறு எண்கள் வந்தனவாம். முந்தின நாள் தொடர்ந்து இரண்டு முறை பதினேழே வந்ததால், கூட்டும்போது ஒன்றைப் பதினேழால் வகுத்துக் கூட்டினால் சரியாகிவிடும் என்று எண்ணி அவ்வாறே எழுதிப் பார்த்திருக்கிறான். அடுத்த ஓட்டத்தில் காசு பதினொரு முறை ஏறி, கணக்கில் பின்னம் விழுந்துவிட்டதாம். இதைக் கேட்டுத் தந்தையார் சிரித்தார், நாமும் சிரித்தோம். ஆயினும் பதினேழால் வகுத்த அப்பிள்ளையை இகழ நமக்கு உரிமையில்லை. அலுவலகத்தில் கணக்கு உதைக்கும்போது, காரணத்தைத் தேடாமல் வித்தியாசத்தை மட்டும் சரிக்கட்டிவிட்டு வீடு திரும்பிய பெரியவர்கள் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்!

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பேரனின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அமர்ந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையில் வந்தவர் அவர். இந்நகரில் ஒரு துணி ஆலையின் கணக்குப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டு பேரேடு எழுதியவர்.

"ஏலே, அவன் காசை எத்தனை தடவை தொட்டான்?"

"ஒரு தடவைதான், தாத்தா. நீங்களும் பார்த்தீங்களே."

"நான் பார்த்தது இருக்கட்டும். பெட்டி எத்தனை தடவைன்னு பார்த்துச்சு?"

வினா அங்கேதான் இருந்தது. அவ்விளையாட்டில் மனித உருவம் என்பது ஒரே துண்டன்று. தலை, உடல், மேற்கை, கீழ்க்கை, பாதம் என்று பதினைந்து துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டும் காசில் படும்போதெல்லாம் "தொட்டது" என்ற செய்தி தனித்தனியே வருகிறது. இடப்பாதம் பட்டால் ஒன்று. வலப்பாதம் பட்டால் ஒன்று. கால் எழும்பி மீண்டும் பட்டால் மேலும் ஒன்று. காசு உடனே மறைந்திருந்தால் இத்தனை ஏறியிராது. அழகுக்காகப் பையன் வைத்த இரண்டு வினாடிச் சுழற்சியில், நின்றவன் நின்றபடியே பதினேழு முறை வரவு வைக்கப்பட்டுவிட்டான். மனிதன் கண்ணுக்கு ஒரு தொடுகை; இயந்திரத்தின் கண்ணுக்குப் பதினேழு. இயந்திரம் பிழை செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்தது.

"சிட்டாவிலேயிருந்து பேரேட்டுக்குப் பெயர்த்து எழுதும்போது நாங்க என்ன செய்வோம் தெரியுமா?" என்றார் பெரியவர். "ஒரு வரியைப் பெயர்த்ததும், சிட்டாவிலே அந்த வரிக்குப் பக்கத்திலே சிவப்பு மையாலே ஒரு டிக் போட்டுருவோம். அப்புறம் அதைத் தாண்டிப் பத்துப் பேர் போனாலும், டிக் இருக்குதான்னு பார்த்துட்டுத்தான் பேனாவை எடுப்போம். டிக் இருந்தா அதைத் தொடக் கூடாது. இல்லேன்னா ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை பணம் போயிரும். உன் காசுக்கு டிக் எங்கே?"

பையன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தாளின் மேற்பகுதியில் ஒரு வரி சேர்த்தான்: "எடுத்தாயிற்றா" என்னும் பொருளில் ஒரு மாறி, தொடக்கத்தில் அதன் மதிப்பு "இல்லை". கூட்டுவதற்கு முன், அது "ஆம்" என்றிருந்தால் திரும்பிப் போய்விட வேண்டும். "இல்லை" என்றிருந்தால் முதலில் அதை "ஆம்" என்று மாற்றிவிட்டு, அதன் பின்னரே ஒன்றைக் கூட்ட வேண்டும். மூன்று வரிகள். ஓட்டினான். உருவம் ஏறிற்று, காசு சுழன்றது, கணக்கில் ஒன்று.

அவ்வீட்டில் அப்போது எழுந்த கூச்சலைக் கேட்டு அடுத்த வீட்டு மராத்திய அம்மையார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பெரியவருக்கு அவ்வளவில் மனம் நிறையவில்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். "கணக்கு சமம் கணக்கு கூட்டல் ஒன்று" என்ற வரி வந்ததும் நின்றார். பையன் விளக்கத் தடுமாறினான்; அவனுடைய பள்ளிக் கணித ஆசிரியரும், ஓர் எண் தன்னைவிட ஒன்று கூடிய எண்ணுக்கு எவ்வாறு சமமாகும் என்று கேட்டு மறுத்துவிட்டாராம். இயற்கணிதப்படி அவர் கூற்று சரியே. ஆயினும் இங்கே அக்குறி "சமம்" என்று பேசவில்லை. வலப்புறத்தில் கணக்கிட்டதை இடப்புறத்துப் பெயரில் வை என்று பணிக்கிறது. சமமா என்று வினவுவதற்கு அதே குறியை இரட்டையாக இட வேண்டும். இதை நாம் விளக்கப் புகுமுன் பெரியவரே தலையசைத்தார். "முன் இருப்போட வரவைக் கூட்டினா புது இருப்பு. அவ்வளவுதானே? பழைய இருப்பை அடிச்சிட்டு அதே இடத்திலே புதுசை எழுதுறான். நாங்க அடிக்க மாட்டோம், கீழே எழுதுவோம். இதுக்குத் தாள் செலவில்லை."

வகுப்பறையில் செய்த பிழையை ஆசிரியர் மறுநாள் சிவப்பு மையால் காட்டுகிறார்; ஆடும் விளையாட்டிலோ பிழை அக்கணமே கண்ணுக்குத் தெரிகிறது; அதுவும் வேடிக்கையாகத் தெரிகிறது. உருவம் தரையைத் துளைத்துக்கொண்டு விழுகிறது. கதவு ஆளை விட்டுவிட்டுத் தானே நடந்து போகிறது. முடிவில்லாச் சுழல் ஒன்றைக் காத்திருக்கச் சொல்லாமல் எழுதிவிட்டால் எல்லாமே உறைந்து நின்றுவிடுகிறது. சிறுவர்க்கு இதில் அவமானம் இல்லை. தவறு எங்கே என்று தேடும் ஆவலே முந்துகிறது. 1967-இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி பியூர்சைக் ஆகியோர் குழந்தைகளுக்கென லோகோ என்னும் மொழியைத் தொடங்கியபோது கண்டதும் இதுவே. பின்னர் அம்மொழியில் ஓர் ஆமைக்குக் கட்டளையிட்டுக் குழந்தைகள் படம் வரைந்தனர். சதுரம் சதுரமாக வராதபோது, தாமே ஆமையாக நடந்து பார்த்துத் திருத்தினர். 1973-இல் டேவிட் ஆல் என்பவர் பேசிக் மொழியில் அமைந்த விளையாட்டு நிரல்களைத் தொகுத்து நூலாக்கினார். அவற்றைத் தாளிலிருந்து பார்த்துத் தட்டச்சிட்டு, ஓர் எழுத்துப் பிசகினாலும் ஓடாது என்று அறிந்து, தேடித் திருத்திய சிறுவர்கள் பலர் பிற்காலத்தில் நிரலாளர் ஆயினர். விளையாட்டின் வழியாக நிரலைக் கற்பது நேற்றைய புதுமையன்று.

இவ்வளவு கூறியதால், விளையாட்டுத் திரை முன் அமர்ந்த பிள்ளைகள் யாவரும் கற்கின்றனர் என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டா. ஆடுவது வேறு, எழுதுவது வேறு. ஒன்றைக் காட்டி மற்றதற்கு நேரம் வாங்கும் சாமர்த்தியம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. பிறர் எழுதிவைத்த ஸ்கிரிப்டை அப்படியே எடுத்து ஒட்டுவதும் மிக எளிது. இக்காலத்தில் கேட்ட மாத்திரத்தில் நிரலை எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றைத் தொடவே கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் பெற்றோர் கையில் ஓர் உரைகல் இருக்கிறது. அதற்குக் கணினி அறிவு வேண்டுவதில்லை. ஏதேனும் ஒரு வரியில் விரல் வைத்து, "இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். எழுதியவன் சொல்வான்; தெரியாவிட்டால் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வான். ஒட்டியவன் விழிப்பான்.

தந்தையார் வேறு சில ஐயங்களையும் எழுப்பினார், அவை நியாயமானவை. இத்தகைய பொது விளையாட்டுத் தளங்களில் முன்பின் அறியாதாரோடு உரையாட வழி உண்டு; மெய்யான பணம் கொடுத்து விளையாட்டு நாணயம் வாங்கவும் வழி உண்டு. இரண்டுமே குழந்தைக்கு ஆகா. ஆனால் எழுதுவதற்கும் ஓட்டிப் பார்ப்பதற்கும் இவ்விரண்டும் தேவையில்லை. ஸ்டூடியோக் கருவிக்குள்ளேயே தன்னந்தனியாக ஓட்டிச் சோதிக்கலாம். ஊருக்கு வெளியிட வேண்டிய கட்டாயம் கிடையாது. கணக்கைத் தொடங்கும்போது பெற்றோர் உடனிருந்து, உரையாடலை அடைத்து, பணம் செலுத்தும் வழியை இணைக்காமல் விடுவது நலம். மற்றொன்று: கைப்பேசியில் ஆட முடியுமேயன்றி, இந்த ஸ்டூடியோவைக் கொண்டு எழுத முடியாது. கைப்பேசியை ஏந்திக்கொண்டு "எழுதுகிறேன்" என்று சொல்லும் பிள்ளையை அன்னையார் தாராளமாக ஐயுறலாம்.

பெருந்தொகை கேட்டு, சில மாதங்களில் பிள்ளையை நிபுணனாக்கித் தருவதாகச் சொல்லும் வகுப்புகளைப் பற்றியும் அவர் விசாரித்தார். கடன் வாங்கிக் கணினி வாங்கியவர் மீண்டும் கடன் வாங்குவதை நாம் விரும்பவில்லை என்றோம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்க்ராட்ச் போதும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி 2007-இல் பொதுவில் வந்த அது முற்றும் இலவசம். தட்டச்சு வேண்டுவதில்லை, கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்க, அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பூனை ஒன்றை ஓடவும் பேசவும் வைக்கலாம். பிறகு எழுத்தில் எழுதும் பருவம் வந்ததும் லுவா. பொதுத் தளத்தையே விரும்பாத பெற்றோருக்குக் கோடோ என்னும் விளையாட்டுக் கருவி உள்ளது. அர்ஜென்டினாவில் தோன்றி 2014-இல் அனைவருக்கும் கட்டற்றதாகத் திறந்துவிடப்பட்டது. இறக்கிக்கொண்டபின் இணைய இணைப்பின்றியே வேலை செய்யும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளிலேயே நிரல் பயிற்சியைச் சேர்க்கச் சொல்கிறது. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுப்போர் பைதான் மொழியைக் கற்கின்றனர். லுவாவில் பழகிய பிள்ளைக்கு அங்கு ஒரு சிறு தடுமாற்றம் நேரும்: லுவாவில் பட்டியலின் முதற்பொருள் நம்மைப்போல் ஒன்றிலிருந்து எண்ணப்படும், பைதானில் சுழியத்திலிருந்து. மற்றபடி நிகழ்வும் நிபந்தனையும் மாறியும் எங்கும் அவையே.

நம் மொழியைப் பற்றி ஒரு சொல். ஆங்கில வழி வந்த நிரல்களில் "இஃப்" என்பது முன்னால் நிற்கும்; நிபந்தனை பின்னால் வரும். தமிழிலோ "தொட்டால்", "ஏறினால்", "இருந்தால்" என்று நிபந்தனை முதலில் வர, அதன் வாலாக "ஆல்" ஒட்டிக்கொள்கிறது. தமிழ்ச் சொற்களைக் கொண்டே நிரல் எழுதும் எழில் என்னும் மொழி ஒன்றை நம்மவர் ஆக்கியிருக்கின்றனர். அதில் இவ்வொழுங்குக்கேற்ப நிபந்தனையை முதலில் எழுதி "ஆனால்" என்னும் சொல்லைப் பின்னால் வைத்துள்ளனர். விளையாட்டு அமைக்க அம்மொழியை நாடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய நிரலையும் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில் பயன் உண்டு என்பதை அன்று கண்ணால் கண்டோம். பையன் ஆங்கிலத்தில் ஒப்பித்த நான்கு நாளும் பிழை ஒளிந்திருந்தது. "தொட்டால்" என்று தமிழில் சொன்னபோதுதான் எத்தனை தடவை என்ற வினா ஒரு கிழவருக்குத் தோன்றிற்று.

தந்தையார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். மகன் சொன்னது சாக்கன்று என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆயினும் தேர்வு தேர்வுதான். இறுதியில் அவரே ஒரு வழி சொன்னார். பீரோவில் பூட்டுவதில்லை, பெட்டி கூடத்தில் இருக்கும், வீட்டுப்பாடம் முடிந்தபின் ஒரு மணி நேரம், அந்த ஒரு மணி நேரமும் தாத்தா பக்கத்தில் இருக்க வேண்டும். "அவர் தூங்கிவிட்டால்?" என்று அன்னையார் கேட்டார். "நான் தூங்க மாட்டேன்" என்றார் பெரியவர், சற்றுக் கடுமையாகவே.

நாம் விடைபெற எழுந்த சமயம், இதுவரை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எட்டு வயதுத் தங்கை கேட்டாள்: "அண்ணா, நானும் உன்கூட அதே நேரத்திலே மிதிச்சா எனக்கும் காசு வருமா?"

பையன் திரையைப் பார்த்தான். வராது. டிக் காசின் மேல் இருக்கிறது. முதலில் வந்தவன் எடுத்துவிட்டால் இரண்டாவது ஆளுக்குக் கதவு அடைப்பு. "அப்படின்னா எல்லாருக்கும் பொதுவா ஒரே டிக் போட்டது தப்பு" என்றார் பெரியவர், "பேரேட்டிலே ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கில்லையா, அதுமாதிரி ஆளுக்கு ஒரு டிக் வேணும். அதை எங்கே வைப்பே?" பையன் பதில் சொல்லாமல் அந்த மூன்று வரிகளை அழிக்கத் தொடங்கியிருந்தான். அடுக்களையிலிருந்து உணவுக்கு அழைக்கும் குரல் இரண்டாம் முறையாகக் கேட்டது. இம்முறை இருவர் எழவில்லை.